ஒரே குலம், இருவேறு முகம்

அரிந்த கத்தரிக்காயை நீரில் இடுவதும், ஆய்ந்த வாழைப்பூவை மோர் கலந்த நீரில் போடுவதும் தமிழகத்து அடுக்களைகளில் நெடுங்கால வழக்கமாகும். அங்ஙனம் செய்யாவிடின், வெண்மையாயிருந்த துண்டங்கள் சிறிது பொழுதில் கறுத்துவிடும். அக்கருமையைக் கண்டு காய் அழுகிவிட்டது என்று கருதுதல் தவறு. கத்தி பட்ட காயத்தைச் செடியின் உறுப்பு தானே மூட முயல்வதன் அடையாளம் அது.

இதன் உண்மையை வேதியியல் விளக்குகின்றது. ஆறு கரி அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கின்றன எனக் கொள்க. அவ்வளையத்தில், ஓர் ஆக்ஸிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த இணை ஒன்று பொருந்தியிருப்பின் அது பீனால். அத்தகைய இணைகள் இரண்டு அடுத்தடுத்து அமையின் அது கேட்டகால். அவ்விரண்டும் நேர் எதிரெதிராக நின்றால் ஹைட்ரோகுவினோன் என்னும் வேறொரு பொருளாம். கேட்டகாலுக்கும் ஹைட்ரோகுவினோனுக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. நிற்கும் இடம் மாறவே இயல்பும் மாறுகின்றது.

கேட்டகால் என்னும் பெயர் இந்நாட்டோடு தொடர்புடையது. கருங்காலி மரத்தின் வைரத்தைச் சீவி, நீரிலிட்டுக் காய்ச்சி எடுக்கப்படுவது காசுக்கட்டி. வெற்றிலையோடு சேர்த்து மெல்லப்படும் அதனை ஐரோப்பியர் கேட்டச்சு என்றனர். 1839ஆம் ஆண்டில் ரெயின்ஷ் என்னும் அறிஞர், காசுக்கட்டியினின்று பிரித்த பொருளைச் சூடேற்றி வடித்துக் கேட்டகாலைப் பெற்றார்.

காய்களின் உயிரணுக்களில் கேட்டகால் இனப் பொருள்களும் அவற்றை மாற்றவல்ல நொதியும் தனித்தனி அறைகளில் உறைகின்றன. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் துணைநிற்க, அப்பொருள்கள் ஹைட்ரஜனை இழந்து குவினோன்களாகின்றன. குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து கருநிறம் பெறுகின்றன. கிருமிகளும் பூச்சிகளும் உட்புகாவண்ணம் தடுக்கவும் உதவுகின்றன. நீர் காற்றை விலக்குகின்றது; மோரின் புளிப்போ நொதியின் வேகத்தைத் தளர்த்துகின்றது. காரணத்தை ஏட்டில் கல்லாத தாய்மார் காரியத்தைச் செம்மையாக அறிந்திருந்தனர்.

செடியைக் காக்கும் இவ்வினம் மனிதனை வருத்துவதும் உண்டு. துணிகளுக்குக் குறியிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாற்றில், நீண்ட கரிச் சங்கிலியை வாலாகக் கொண்ட கேட்டகால்கள் உள்ளன. துணியில் அழியாத கறையாகும் அச்சாறு, தோலில் பட்டால் கொப்புளங்களை எழுப்பும். ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலும் அத்தகையதே. ஆயினும், ஈரக் காற்றில் அது இறுகிய பின் தீங்கு அகன்று, உணவுக் கிண்ணங்களுக்கு உறுதியான மேற்பூச்சாகின்றது.

பீனாலின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். கார்பாலிக் அமிலம் என்னும் பெயரும் பூண்ட அதனை 1834இல் ருங்கே என்பவர் நிலக்கரித் தாரினின்று பிரித்தார். எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால், காலை வெட்டுவதோ உயிரை இழப்பதோ பலருக்கு நேர்ந்த காலம் அது. 1865ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். ஜோசப் லிஸ்டர் அவனது புண்ணில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டுவித்தார். சீழ் பிடிக்கவில்லை, ஆனால் அமிலம் தோலைச் சிறிது பொசுக்கியிருந்தது. உடனே லிஸ்டர் அதனை நீரிலும், பின்னர் எண்ணெயிலும் கலந்து வலிமையைக் குறைத்தார். ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் தன் காலோடு வீடு திரும்பினான்.

மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்தது லிஸ்டரின் அறிவு. அதன் அளவைக் குறைக்கத் துணிந்தது அவரது பொறுப்புணர்ச்சி. வேதியியல் பயில்வோர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.