சரண்டர் போகும் நாட்கள்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "ஈ.எல். சரண்டர் போட்டாச்சா?" நிரந்தரப் பணியாளருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு (ஈ.எல்.) உண்டு. அதில் 15 நாளை ஒப்படைத்துவிட்டு, அதற்குரிய சம்பளத்தைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் 2020-இல் நிறுத்தப்பட்ட இந்தச் சலுகை 2025 அக்டோபரில் திரும்பி வந்தபோது பல வீடுகளில் நிம்மதி. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மீட்க வேண்டிய நகை, பாக்கி நிற்கும் சீட்டு. அரை மாதச் சம்பளம் மொத்தமாக வரும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மிச்ச நாட்களையும் பலர் தொடுவதில்லை. ஓய்வுபெறும்போது 240 நாள் வரை காசாக்கலாம் என்பதால் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பணிப்பதிவேட்டில் அது வெறும் எண். வாழ்க்கையில் எட்டு மாதம்.

போடுகிற லீவும் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று கரைந்துவிடும். அது வேறு வகை வேலை, ஓய்வாகாது. சும்மா இருக்க லீவு எடுத்தவருக்கும் முதல் இரண்டு நாள் நிலைகொள்ளாது. கை தானாக அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறக்கும். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாயில் சாய்ந்தவர், விளக்கு வைக்கும் நேரம்வரை அசையாமல் தூங்குவார். உடம்பின் பழைய கடன் அப்படித்தான் தீரும். அதற்கப்புறம்தான் மனசு வாய் திறக்கும்: அண்ணனோடு ஏன் பேசாமல் இருக்கிறோம், இந்த வேலையில் இன்னும் எத்தனை வருஷம், விட்டுப்போன வீணையை மறுபடி எடுத்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. எழுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

அவகாசம் கிடைத்தால் எப்படிப்பட்ட கேள்வியும் எழலாம். 1921-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குப் போன இயற்பியலாளர் சி.வி. ராமன், 'நர்குண்டா' கப்பலில் ஊர் திரும்பினார். வகுப்பும் ஆய்வகமும் இல்லாமல் நாள்கணக்கில் கடல்மேல். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. வானத்தின் பிரதிபலிப்பே அந்த நிறம் என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தால் பிரதிபலிக்கும் ஒளியை மறைத்துப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வளர்ந்து 1928-இல் ராமன் விளைவாயிற்று. விடுப்பு எடுப்போர் எல்லாரும் நோபல் வாங்க வேண்டியதில்லை. கடலை உற்றுப் பார்க்கிற அவகாசம் எல்லாருக்கும் வேண்டும்.

வங்கிகளில் ஒரு நல்ல விதி இருக்கிறது. முக்கியப் பொறுப்புகளில் இருப்போரை ஆண்டுதோறும் ஒரே தொடராகக் குறைந்தது 10 வேலை நாள், முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் உத்தரவிட்டது. அலுவலக மின்னஞ்சல் தவிர வேலை தொடர்பான வேறெதையும் அவர்கள் தொடக் கூடாது. நோக்கம் மோசடியைக் கண்டுபிடிப்பது. ஓய்வுக்காகவே இப்படியொரு விதி தாலுகா அலுவலகத்துக்கும் வரட்டும். முன்கூட்டியே தேதி சொல்லி, பள்ளி விடுமுறையோடு சேர்த்து. சரண்டர் பணமும் தொடரட்டும், அந்தப் பத்து நாளை மட்டும் விற்க முடியாதபடி.