கேட்டுப் பார்த்த படங்கள்

விடிகாலையில் தெருமுனைச் சுவரில் புதுப்படப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், வாளியில் காய்ச்சி ஆறிய மைதாப் பசையின் புளித்த வாசனை காற்றோடு வந்து மூக்கில் ஏறியது, அதற்கு மேல் நடக்கத் தோன்றாமல் நின்றுவிட்டேன். எனக்கு அது எப்போதுமே படத்துக்கு முந்தைய வாசனை. சோழவந்தான் பக்கத்தில் எங்கள் ஊர்க் கொட்டகையில் படப்பெட்டி மாறும் நாளில் மாட்டு வண்டியின் இரு புறமும் தட்டி கட்டி, உள்ளே ஒருவர் மேளம் அடிக்க, இன்னொருவர் சிவப்பும் மஞ்சளுமாக நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார், ஈரம் காயாத அந்தத் தட்டியிலிருந்து இதே வாசனைதான் வரும், புழுதியில் வண்டிக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

ஓடியவர்கள் எல்லாரும் படம் பார்த்துவிடவில்லை. அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் போவதே பெரிது, எங்கள் வீட்டில் அந்த ஒருவர் பெரும்பாலும் அப்பத்தாதான். மறுநாள் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, கையளவு இரும்பு உரலில் பாக்கை இடித்துக்கொண்டே கதையைத் தொடங்குவாள், அரிக்கேன் வெளிச்சம் அவளுடைய பாம்படத்தில் பட்டு ஆட, சுண்ணாம்பும் வெற்றிலையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த வாசனைக்குள் நாங்கள் நெருக்கி உட்காருவோம். படம் நல்லா இருந்தது, நல்லா இல்லை என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை, கதை சொன்னால் பிடித்திருக்கிறது, ‘அதுல என்னய்யா இருக்கு’ என்று முந்தானையை உதறி எழுந்துவிட்டால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வந்த படம், எங்கள் ஊருக்கு வர வருடங்கள் ஆயின. அந்தக் கதையை மட்டும் அப்பத்தா மூன்று இரவுகளுக்கு இழுத்தாள். துரியோதனன் மனைவி பானுமதியின் முத்து, கர்ணன் கை பட்டு அறுந்து சிதறும் இடம் வந்தபோது உரலைச் சாய்த்து இடித்த பாக்கையெல்லாம் திண்ணையில் உருட்டிவிட்டாள், ஒரு துண்டு என் முழங்காலில் வந்து நின்றது. “பொண்டாட்டி மேல கை பட்டுச்சேன்னு பாத்தானா? முத்தை நான் பொறுக்கித் தரவான்னு கேட்டான்யா துரியோதனன். அவனுக்காக உசுரக் குடுக்க மாட்டானா கர்ணன்?” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி மறுபடி உரலில் போட்டாள். அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு படிப்புக்காக மதுரைக்கு வந்தேன், மாமா வீட்டுக்கு. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரைப் பற்றி மாமாவும் அவர் சேக்காளிகளும் சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசுவார்கள், 2,500 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம், அதில் எந்த மூலையிலிருந்து யார் முதலில் கை தட்டினார்கள் என்பது வரைக்கும் அவர்களிடம் கணக்கு இருந்தது. அந்தப் பேச்செல்லாம் நடப்பது தெருமுனைச் சலூனில், படிகாரமும் பவுடரும் மணக்கும் அந்தச் சின்ன அறையில். கடைக்காரர் தீவிர சிவாஜி ரசிகர், வசனம் சொல்லும்போது கத்திரிக்கோல் அந்தரத்தில் நிற்கும், முடி வெட்டிக்கொள்கிறவர் எம்.ஜி.ஆர். கட்சியாக இருந்தால் பாதித் தலையோடு வாதம் முடியும்வரை காத்திருப்பார். 1979-ல் ‘உதிரிப்பூக்கள்’ வந்தபோது அந்தச் சிவாஜி ரசிகர் ஒருநாள் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில், “யாருமே நடிக்கலப்பா அதுல, ஆனா கடைசில ஆத்தங்கரையில நிக்குதே அந்தப் பிள்ளைக, அதுகள நெனச்சா தூக்கம் வரல” என்றார். அந்தப் படத்தை இயக்கிய மகேந்திரனைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன், அந்த ஒரு வரி போல ஒன்று உள்ளே தங்கவில்லை.

மாமா வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் குடியிருந்தார். ஆனந்த விகடனில் படங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள் அல்லவா, ‘16 வயதினிலே’க்கு 62.5 கொடுத்தபோது ஊரே அதைப் பேசியது. தமிழய்யா விமர்சனத்தைப் படிக்காமல் இதழை மடித்து வைத்துவிடுவார், படம் பார்த்து வந்த பிறகுதான் பிரிப்பார், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓரத்தில் பென்சிலால் தன் மதிப்பெண்ணை எழுதி, அதன் கீழே ஏன் கூட்டினார், ஏன் குறைத்தார் என்று ஒரு வரி எழுதுவார். பழைய தாளும் பென்சில் தூளும் மணக்கும் அந்தக் கட்டுகளைப் புரட்டித்தான் ஒரு படத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று கற்றுக்கொண்டேன்.

2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் திரும்பி வந்தபோதுதான் முதல்முறையாகத் திரையில் பார்த்தேன். நிறங்கள் கழுவித் துடைத்தாற்போல் இருந்தன, குளிர்சாதனக் காற்றில் பாப்கார்ன் வெண்ணெய் மணந்தது, முத்து சிதறும் காட்சி வந்தபோது, துரியோதனனும் பானுமதியுமாக நடித்த அசோகனையும் சாவித்திரியையும் தாண்டி, திண்ணையில் உருண்ட பாக்குதான் எனக்குத் தெரிந்தது. திரையில் அந்தக் காட்சி சட்டென்று முடிந்துவிட்டது, அப்பத்தா அதை எவ்வளவு நேரம் வைத்திருந்தாள்! கதை முழுக்கத் தெரிந்திருந்தும் எனக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை, தெரிந்திருந்ததால்தான் கண் நிறைந்தது.

இன்று தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. இப்போது படத்துக்குப் போகிறவர்கள் கதையைச் சொல்லிவிடாதே என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள், ஆனால் தீர்ப்பை மட்டும் படம் பார்க்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவரிடம் மைக்கை நீட்டினால் ‘செம’, ‘மொக்கை’ என்று ஒற்றைச் சொல் வருகிறது, 2024 நவம்பரில் அந்த மைக்குகளைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்கும் அளவுக்குப் போயிற்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படங்களின் மேல் ஆசை குறைந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆசை அதேதான், அதைச் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. அப்பத்தாவுக்கு நாங்கள் இருந்தோம், சலூன்காரருக்குப் பாதித் தலையோடு ஒருவர் இருந்தார். அதனால் படம் பார்த்து வருகிற பேத்தியிடம் எப்படி இருந்தது என்று கேட்பதை விட்டுவிட்டேன், முதல் காட்சியிலிருந்து சொல்லு என்கிறேன், அவள் மறந்ததைத் தேடிப்பிடித்துச் சொல்வதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது, ஆறட்டும், இரவு இன்னும் இருக்கிறது.