சுவருக்குப் போட்ட சட்டை

மாத்தளை நகரில் எமது பாட்டனார் விலைக்கு வாங்கிய பழைய செங்கல் வீட்டை இடிப்பதா, செப்பனிடுவதா என்ற வாதம் சென்ற மாரி முழுவதும் எமது குடும்பத்தில் நடந்தது. இடிக்கவேண்டும் என்றவர் தம்பியார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூச்சுப் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துகொண்டிருந்தது.

அவ்வீட்டின் அமைப்பைச் சிறிது கூறவேண்டும். தெருப்பக்கம் 15 அடி அகலமே. உள்ளே நடந்தாலோ 100 அடிக்குக் குறையாது. முன்னே கடை, அடுத்துக் கூடம், நடுவே வானம் பார்த்த முற்றம், அப்பால் குசினி. இரு பக்கச் சுவர்களும் அயலாருக்கும் பொதுவானவை. அவற்றில் யன்னல் வைக்க வழியில்லை. ஆதலின் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே வந்தாகவேண்டும். சூடேறிய காற்று முற்றத்தால் மேலெழ, தெருவாயிலூடாகப் புதிய காற்று உட்புகும். 1880இல் புகைவண்டி மாத்தளைக்கு வந்தபின் எழுந்த வீடு இது என்பார் பாட்டனார். மின்விசிறி அறியாத அக்காலத்தவரின் உபாயத்தை, வேனிற்கால நண்பகலில் முற்றத்தோரம் பாய் விரித்துப் படுத்தவரே அறிவர்.

முதிய மேசன் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுவரை விரற்கணுவால் தட்டிப் பார்த்தவர், "ஐயா, சுவருக்கு நோயில்லை, நீங்கள் போட்ட சட்டைதான் நோய்" என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் நாமே பெருமையோடு பூசுவித்த சீமெந்தைத்தான் சொன்னார். செங்கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதனை வெளியே ஆவியாக விடும். சீமெந்தோ வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிறைப்பட்ட ஈரம் மேலேறி, உப்பாய்ப் படிந்து, கல்லையே தின்கிறது. குற்றவாளி வீடன்று என்பதை அறிந்தபோது எமக்கு வெட்கமாயிற்று.

செங்கல் அற்பாயுள் உடையதென்று எண்ணுவோர் எமது மாவட்டத்துச் சிகிரியாவுக்குப் போய் வரலாம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் எழுப்பிய சிங்க வாயிலின் பாதங்கள் செங்கல்லும் சாந்துமே.

அதனைக் காக்கத் தொல்பொருட் சட்டம் உண்டு. 1940இல் வந்த அச்சட்டம் பழமைக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட நாள். அதற்குப் பிற்பட்ட எமது வீட்டைத் தனியே அறிவித்தாலன்றிச் சட்டம் தானாக வந்து காக்காது. தம்பியார் இதனையும் தம் கட்சிக்குச் சாதகமாக எடுத்துரைத்தார்!

ஈற்றில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு சுவரை மட்டும் உரித்துப் பார்ப்பது. ஆறு மாதத்தில் உலராவிடின் இடிப்பது. சீமெந்தைக் கொத்தி நீக்கிய அன்று செங்கற்கள் நனைந்த மண்ணின் வாசனையை வீசின. மேசன் பின்வளவில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி மூடி வைத்திருக்கிறார்.

மூன்று மாதங்கள் சென்றுவிட்டன. ஞாயிறுதோறும் தம்பியார் வருகிறார். செருப்பைக் கழற்றுமுன் நேரே அச்சுவரிடம் சென்று உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். சென்ற வாரம் முழங்கால் உயரத்துக்கு மேல் ஈரமில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் குழியை மழை நனைக்காதிருக்க ஒரு தகரம் மட்டும் வாங்கி வந்திருந்தார்.