பனி நாட்டில் முதல் நாட்கள்

வரதராஜன்பேட்டையைச் சுற்றி எத்திசை நோக்கினும் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளுமே கண்ணில் படும். மலையைக் காண வேண்டுமாயின் மேற்கே பெரம்பலூரையும் கடந்து பச்சைமலை அடிவாரத்திற்குத்தான் செல்ல வேண்டும். பனி என்றால், மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியைத்தான் நாம் அறிவோம். இத்தகைய ஊர்களில் பிறந்த பிள்ளைகள் இன்று குருக்களாகவும் கன்னியராகவும் தொண்டர்களாகவும் வடகிழக்கு மலை மாநிலங்களுக்கும் அதற்கு அப்பாலும் செல்கின்றனர். பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு, "முதல் சில நாட்களை என் பிள்ளை எப்படிக் கழிக்குமோ" என்று கலங்கும் தாய்மார்களை எந்தப் பங்கிலும் காணலாம். அவர்களுக்கு ஆறுதலாகவும், புறப்படும் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் அமையும் வரலாறு ஒன்று உண்டு. அது திபெத்தின் பனிமலைகளில் நடந்து, நம் தமிழ் மண்ணையும் தொட்டுச் சென்ற வரலாறு.

இப்போலித்தோ தெசிதேரி என்பவர் 1684-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுப் பிஸ்டோயா நகரில் பிறந்தவர். நம் வீரமாமுனிவர் இவருக்கு நான்கே வயது மூத்தவர். இருவரும் இத்தாலியர், இருவரும் சேசு சபையினர். திபெத்துக்குச் செல்லும் பணியைத் தெசிதேரி தாமே விரும்பிக் கேட்டுப் பெற்றார். 1624-இல் அதே சபையைச் சார்ந்த அந்திராதே என்ற குரு இமயத்தைக் கடந்து மேற்குத் திபெத்தை அடைந்து அங்கே ஒரு பணித்தளத்தை நிறுவியிருந்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. மூடிய அந்தக் கதவை மீண்டும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதே இளங்குருவின் ஆவல். 1712-இல் உரோமையை விட்டுப் புறப்பட்டவர், 1713 செப்டம்பரில் கோவாவில் கரையிறங்கினார். டில்லியில் மனுவேல் பிரேயர் என்ற போர்த்துக்கீசிய குருவானவர் அவருக்குத் துணையாகவும் தலைவராகவும் சேர்ந்துகொண்டார்.

இருவரும் 1714 நவம்பரில் காஷ்மீரத்துச் சிறீநகரை அடைந்தபோது பனி வழியை அடைத்துவிட்டது. ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது. அங்கே தெசிதேரி உயிருக்கே ஆபத்தான வயிற்று நோயால் வருந்தினார். எனினும் காத்திருந்த காலத்தை வீணாக்காமல் பாரசீக மொழியைப் பயின்றார்.

1715 மே மாத நடுவில் பயணம் மீண்டும் தொடங்கியது. ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளான மே 30 அன்று, இன்று சோசி லா எனப்படும் கணவாயின் அடிவாரத்தை எட்டினர். ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் காஷ்மீரத்தின் பசுமை முடிந்து லடாக்கின் வறண்ட பாறைகள் தொடங்கும் எல்லை அது. சிறீநகரிலிருந்து லடாக்கின் தலைநகராகிய லே வரை நாற்பது நாள் நடை. அவ்வழியில் காலே வாகனம். வெயில் பட்டுப் பனிப்பரப்பு வீசும் ஒளியால் தெசிதேரியின் கண்கள் வீங்கிச் சிவந்தன. பார்வையே போய்விடுமோ என அவர் அஞ்சினார். காட்டாறுகளின் மேல் மரக்கொப்புகளைத் திரித்துக் கட்டிய கயிற்றுப் பாலங்கள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கடக்கலாம். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பாலம் ஊஞ்சலாய் ஆடும். உணவோ வறுத்த வாற்கோதுமை மாவும் தண்ணீரும். அந்த மாவை வடநாட்டார் சத்து என்பர். நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் சத்துமாவை அது நினைவூட்டும்.

ஜூன் இறுதியில் லே நகரை அடைந்தனர். அரசரும் அவையினரும் அன்போடு வரவேற்றனர். இங்கேயே தங்கிப் பணியைத் தொடங்கலாம் எனத் தெசிதேரியின் உள்ளம் விழைந்தது. ஆனால் தலைவராகிய பிரேயர், கிழக்கே இலாசா வரை சென்றே ஆக வேண்டும் என்றார். தம் விருப்பத்தை மடித்து வைத்துவிட்டுக் கீழ்ப்படிதலோடு நடந்தார் இளையவர்.

ஆகஸ்டில் லேயை விட்டுப் புறப்பட்ட இருவருக்கும் முன்னே விரிந்து கிடந்தது ஆளரவமற்ற குளிர்ப் பாலைவனம். மரமில்லை, விறகில்லை, ஊரில்லை, மாரிக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வழியும் மொழியும் அறியாத இரு ஐரோப்பியர் தனியே சென்றிருந்தால் அங்கேயே மடிந்திருப்பர். அப்போதுதான் இறைவன் ஒரு துணையை அனுப்பினார். மேற்குத் திபெத்தில் ஆளுநர் பொறுப்பை வகித்த மங்கோலியப் பெருமாட்டி ஒருவர், தம் பதவியை விட்டுப் படைவீரர் சூழ இலாசாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்நியராகிய இவ்விருவரையும் தம் பயணக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, தாய்போல் பேணினார். ஒருநாள் பிரேயரின் குதிரை களைத்து விழ, அவர் பனியில் பின்தங்கிவிட்டார். அதை அறிந்த அம்மையார் ஆட்களை அனுப்பித் தேடச் செய்து அவரை மீட்டார். கிறிஸ்துவின் பெயரைக் கேட்டறியாத ஒரு பெண்மணி, நல்ல சமாரியரின் பணியை அன்று செய்தார் என்றே கூற வேண்டும்.

இந்த வழியில்தான் கைலாய மலையையும் மானசரோவர் ஏரியையும் அவர்கள் கண்டனர். அடியார்கள் அவற்றை வலம் வருவதைத் தெசிதேரி குறித்து வைத்தார். திருநாவுக்கரசர் கைலைக்குச் செல்ல உடல் தேயத் தேய முயன்றதையும், திருவையாற்றில் கைலைக் காட்சி பெற்றதையும் நம் அயலவராகிய சைவப் பெருமக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தமிழர் உள்ளம் எத்தனையோ நூற்றாண்டுகளாய் நினைந்த மலையை, இத்தாலியக் குரு ஒருவர் நேரில் நின்று நோக்கினார்.

1716 மார்ச் 18 அன்று, ஏறத்தாழ 12,000 அடி உயரத்திலுள்ள இலாசா நகரினுள் இருவரும் நுழைந்தனர். சில வாரங்களுக்குள் பிரேயர் நேப்பாளம் வழியாக இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். தெசிதேரி தனியே நின்றார். அந்நகரில் அவருடைய மொழியைப் பேச ஒருவரும் இல்லை; குற்றங்கேட்க ஒரு குரு இல்லை. முப்பத்தொரு வயது இளைஞர் அந்நிலையில் என்ன செய்தார் என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

அவர் மாணவரானார். காலை முதல் பொழுது சாயும்வரை திபெத்து மொழியைக் கற்பதென்று தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டார். பகலில் வெண்ணெயும் உப்பும் கலந்த அந்நாட்டுத் தேநீரே ஆகாரம். அரசர் லாசாங் கான் அவருக்கு வீடு பெறவும் தம் மறையைப் போதிக்கவும் அனுமதி அளித்தார். 1717 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, திபெத்து மொழியில் தாம் இயற்றிய முதல் நூலை அரசரிடம் அளித்தார். அரசர் அதைப் படித்துப் பார்த்து, "இன்னும் எங்கள் மொழியைப் பயிலுங்கள், எங்கள் நூல்களையும் கற்றுக்கொள்ளுங்கள்" என்ற கருத்தில் அறிவுரை கூறினார். வேறொருவராயின் மனம் நொந்திருப்பார். தெசிதேரி அதை ஏற்று, துறவிகள் கற்கும் சேரா மடத்திற்கே சென்று அவர்களோடு அமர்ந்து பாடங்கேட்டார். அவர்களும் பெருந்தன்மையோடு, அவருடைய அறையில் திருப்பலி நிறைவேற்றச் சிற்றாலயம் அமைத்துக்கொள்ள இடந்தந்தனர். நம் மதுரையில் தத்துவ போதகர் கையாண்ட வழியும் இதுவேயன்றோ?

உலகக் கணக்கின்படி பார்த்தால் அவர் கண்டது தோல்வியே. 1717 இறுதியில் சுங்கார் மங்கோலியர் படையெடுத்து அரசரைக் கொன்றனர். தெசிதேரி தலைநகரை விட்டு வெளியேற நேர்ந்தது. திபெத்துப் பணி கப்புச்சின் சபையினருக்கு உரியது என்று உரோமை தீர்ப்பளிக்கவே, 1721-இல் அந்நாட்டைவிட்டே புறப்பட்டார். எழுதிய நூல்களைத் தவிர அவர் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை.

பின் செய்தது என்ன? 1726 ஜனவரியில் புதுச்சேரிக்கு வந்து, நாற்பத்தொரு வயதில் தமிழின் அகரத்தைக் கற்கத் தொடங்கினார்! வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடி முடித்ததாகக் கூறப்படும் ஆண்டும் அதுவே. அடுத்த ஆண்டு, ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரின் முத்திப்பேறு பட்டத்திற்காக வாதாட உரோமைக்கு அனுப்பப்பட்டார். 1733-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் 1853-இல் முத்திப்பேறு பெற்றதையோ, 1947-இல் புனிதரானதையோ அவர் காணவில்லை. அவருடைய திபெத்துப் பயண நூலும் ஏட்டிலேயே உறங்கி 1875-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. திபெத்தின் மொழியையும் சமயத்தையும் ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியர் என்று அறிஞர்கள் இன்று அவரைப் போற்றுகின்றனர்.

எனவே, பெற்றோரே, தொலைநாடு செல்லும் பிள்ளைக்கு ஊறுகாயும் கம்பளியும் கட்டித் தரும்போது ஓர் அறிவுரையும் சேர்த்துக் கொடுங்கள்: "முதல் நாளே கற்பிக்கத் தொடங்காதே, கற்கத் தொடங்கு. அவர்கள் உண்பதை உண். அவர்கள் மொழியில் தவறியேனும் பேசு. உதவி செய்யப் போன நீ, முதலில் உதவி பெறுவாய், அதற்கு வெட்கப்படாதே."

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளிலும் சாலைப் பணிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் முதலிய மாநிலங்களின் பிள்ளைகள் இன்று உழைக்கின்றனர். தமிழ் எழுத்தறியாமல், பேருந்துப் பலகையைப் படிக்க இயலாமல், நம் கடைத்தெருவில் தயங்கி நிற்கின்றனர். அவர்களுக்கு இவை முதல் நாட்கள். அவர்களுடைய தாய்மாரும் எங்கோ ஒரு கிராமத்தில் கலங்கிக்கொண்டிருப்பர். அந்த மங்கோலியப் பெருமாட்டி பனியில் பின்தங்கியவரைத் தேட ஆள் அனுப்பியதுபோல், நம் தெருவில் பின்தங்கி நிற்பவரிடம் நாமே சென்று, "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்போமா?