ஊட்னடாட்டா போலாம், வர்றீங்களா?

கேரவன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷாட் முடிஞ்சதும் ஹீரோ ஏறி உட்கார்ந்துக்குற ஏ.சி. வண்டி. வெளியே ஜூஸ் தட்டோட ஒரு அசிஸ்டென்ட் நிப்பார். அதை மறந்துடுங்க பாஸ். ஆஸ்திரேலியாவுல கேரவன்னா, காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். எஞ்சின் மட்டும் கிடையாது. காருக்குப் பின்னால இருக்கும் ஒரு இரும்புக் குண்டு மேல அந்த வீட்டோட மூக்கை உட்கார வெச்சுக் கிளம்பிட வேண்டியதுதான்.

ரிட்டையர் ஆன தாத்தா பாட்டிகள் வீட்டைப் பூட்டிட்டு மாசக்கணக்கா இப்படிச் சுத்துவாங்க. இவங்களுக்கு அங்கே ‘கிரே நோமாட்ஸ்’னு செல்லப் பேர், அதாவது நரைச்ச நாடோடிகள். நம்ம ஊர்ல பேரனை ஸ்கூல் வேன்ல ஏத்திவிடுற வயசுல இவங்க பாலைவனத்துல பஞ்சர் ஒட்டிக்கிட்டிருப்பாங்க. பொறாமையா இருக்குல்ல?

தார் ரோட்டுல கேரவன் இழுக்குறது பெரிய விஷயமே இல்லை. அந்த தாத்தாக்களுக்கே கெத்து காட்டுற இடம் மண்ரோடுதான். வாங்க, தெற்கு ஆஸ்திரேலியாவுல இருக்கும் ‘ஊட்னடாட்டா ட்ராக்’ல ஒரு ரவுண்ட் போவோம். மர்ரிங்கற குட்டி ஊர்ல ஆரம்பிச்சு மார்லாவுல முடியுற சுமார் 620 கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவுல வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டான்னு ரெண்டே ஊர். ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க். வில்லியம் க்ரீக்ல பத்துப் பதினஞ்சு பேர் இருந்தா அன்னிக்கு ஊர்ல கூட்டம்னு அர்த்தம்!

கிளம்புறதுக்கு முன்னாடி எடைக் கணக்கு. இதுல கோட்டை விட்டா வண்டி குடை சாயும். பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பலதும் அதிகபட்சம் 3,500 கிலோவரை இழுக்கும்னு கம்பெனி சொல்லும். கம்பெனி சொல்லாமலே விடுற கணக்கு ஒண்ணு இருக்கு. கேரவனோட மொத்த எடையில சுமார் பத்துல ஒரு பங்கு அந்த இரும்புக் குண்டு மேல அழுத்தணும். நீங்க பாட்டுக்கு எல்லாச் சாமானையும் கேரவனோட பின்பக்கம் அடைச்சீங்கன்னா மூக்கு லேசாகிடும். அப்புறம் வேகம் ஏற ஏற, வால் நாயை ஆட்டுற கதைதான். பின்னாடி வீடு இடமும் வலமுமா ஆட, முன்னாடி இருக்கும் காரையும் சேர்த்து ஆட்டும். அந்த நேரம் காரோட பிரேக்கை ஓங்கி மிதிச்சா இன்னும் மோசம். காலை ஆக்ஸிலரேட்டர்ல இருந்து எடுத்துட்டு, கேரவனோட பிரேக்கை மட்டும் தனியாப் பிடிக்கிறதுக்கு டாஷ்போர்டு பக்கத்துல ஒரு கன்ட்ரோல் இருக்கும், அதைத் தொடணும். அதனால தண்ணி, டின், டூல்ஸ் மாதிரி கனமான சமாச்சாரம் எல்லாம் ஆக்ஸிலுக்குப் பக்கத்துல, தரையோட தரையா.

இதுல ஒரு வேடிக்கை. இவ்வளவு பெரிய வீட்டை இழுக்க அங்கே தனி லைசென்ஸ் எதுவும் வேண்டாம், சாதாரண கார் லைசென்ஸே போதும். ரிவர்ஸ் எடுக்கும்போது பாருங்க கூத்தை! ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் திருப்பினா கேரவன் அந்தப் பக்கம் போகும். நம்ம ஊர்ல கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுற அண்ணன்கள் பீடியைப் பிடிச்சுக்கிட்டே செய்யுற வேலை. அவங்களைக் கூட்டிட்டுப் போனா அங்கே கேம்ப் கிரவுண்டே எழுந்து நின்னு கை தட்டும்.

சரி, மர்ரியைத் தாண்டிட்டோம். முதல் வில்லன் என்ட்ரி. பேரு ‘காருகேஷன்’. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தரையில படுக்க வெச்ச மாதிரி ரோடு முழுக்க வரி வரியா அலை. நூறு இருநூறு கிலோமீட்டருக்கு அப்படியே இருக்கும். பல்லு கிடுகிடுன்னு அடிக்கும். ஓவர்லோடு லாரிதான் இதுக்குக் காரணம்னு நினைப்பீங்க. அதான் இல்லை. 2007-ல ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழ்ல மூணு விஞ்ஞானிகள் இதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. சுத்திக்கிட்டே இருக்கும் ஒரு மணல் படுக்கை மேல சாதாரண சக்கரத்தை உருட்டிப் பார்த்தாங்க. சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாட்டியும் அலை வந்தது! ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினா போதும், சின்ன மேட்டுல ஏறின சக்கரம் குதிச்சு விழுந்து அடுத்த பள்ளத்தைத் தோண்டிடும். அந்த வேகம் ரொம்ப ரொம்பக் குறைவு. எந்த டிரைவரும் அவ்வளவு பொறுமையா ஓட்ட மாட்டான். ஆக, கிரேடர் விட்டு எவ்வளவு சமமா வழிச்சாலும், வண்டிகள் ஓட ஓட அலை திரும்ப வந்துடும்.

இந்த அலையில கேரவன் படுற பாடு இருக்கே... அலமாரிக் கதவு திறந்துக்கும். ஸ்க்ரூ ஒவ்வொண்ணாக் கழண்டு விழும். ஷாக் அப்சார்பர் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அலுமினிய டின்ல அடைச்ச பானங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி டின்னே ஓட்டையாகி, சாயங்காலம் கதவைத் திறந்தா பிசுபிசுன்னு தரை முழுக்கக் குளம். அனுபவசாலிங்க ஒவ்வொரு டின்னுக்கும் பழைய சாக்ஸ் மாட்டி விடுவாங்க. துவைச்ச சாக்ஸ்தான், பயப்படாதீங்க!

மருந்து என்னன்னா, டயர் காத்து. தார் ரோட்டுல 40 பி.எஸ்.ஐ. வெச்சிருந்தா, மண்ரோட்டுல இறங்கினதும் 28, 30-னு குறைக்கணும். சுமையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். டயர் மெத்து மெத்துன்னு ஆகி அலையில பாதியைத் தானே முழுங்கிடும், கூர்க்கல்லு குத்துறதும் குறையும். காருக்கு மட்டும் குறைச்சுட்டு கேரவன் டயரை மறக்கக் கூடாது. காத்துக் குறைஞ்ச டயர்ல வேகமாப் போனா சூடு ஏறி வெடிச்சிடும், அதனால வேகத்தையும் குறைச்சே ஆகணும். ‘எண்பதுல போனா அலை மேல மிதந்துட்டே போயிடலாம்’னு ஒரு கோஷ்டி சொல்லும். மிதக்கலாம், நிஜம்தான். மிதக்கிற டயருக்கு ரோட்டுல பிடி இருக்காதே! பின்னாடி ரெண்டரை டன் வீட்டை வெச்சுக்கிட்டு அந்த ரிஸ்க் எதுக்கு? ஐம்பது, அறுபதுல ஓட்டுங்க. என்ன அவசரம், அங்கே அட்டெண்டன்ஸா எடுக்குறாங்க?

அடுத்தது புழுதி. மாவு மாதிரி இருக்கும் செம்புழுதி. ஓடுற கேரவனுக்குப் பின்னால காத்தழுத்தம் குறையுறதால, சின்ன ஓட்டை இருந்தாலும் அது வழியா உள்ளே உறிஞ்சிக்கும். ராத்திரி படுக்கையைத் தட்டினா ஒரு முறம் மண்ணு. கூரையில முன்பக்கம் பார்த்த மாதிரி ஒரு சின்னத் திறப்பு வெச்சு, வர்ற காத்தை ஃபில்டர் வழியா உள்ளே விட்டு அழுத்தத்தை ஏத்துவாங்க. உள்ளே அழுத்தம் இருந்தா வெளிப் புழுதி நுழையாது. பிளஸ் டூ ஃபிசிக்ஸ் வேலைக்கு ஆகுற இடம் இது! கல்லு பிரச்னை வேற. கார் சக்கரம் எத்திவிடுற கல்லு கேரவன் நெத்தியில பட்டுத் திரும்பி வந்து கார் பின் கண்ணாடியைக் காலி பண்ணிடும். அதனாலதான் பல வண்டிகள்ல பின் கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் போற அளவுக்கு அங்கே என்னதான் இருக்குன்னு கேக்குறீங்களா? தண்ணி இருக்கு. சிரிக்காதீங்க. அந்த ரோடு அங்கே இருக்கக் காரணமே தண்ணிதான். பூமிக்கு அடியில கிரேட் ஆர்டீஷியன் பேசின்னு ஒரு பிரம்மாண்ட நீர்த்தேக்கம். அதோட ஓரத்துல தண்ணி பீறிட்டு, தாதுக்கள் படிஞ்சு படிஞ்சு குட்டிக் குட்டி மேடா நிக்கும். உச்சியில ஊற்று! அரபானா பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா இந்த ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டுத்தான் நடந்தாங்க. ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்ங்கற பயணி அதே ஊற்றுகளைப் பிடிச்சு வடக்கே போனார். அவர் போன வழியை ஒட்டியே 1872-ல தந்திக் கம்பி முடிஞ்சது. தந்திக்குப் பின்னால ரயில், மர்ரிக்கு 1884, ஊட்னடாட்டாவுக்கு 1891. நீராவி எஞ்சினுக்கும் தண்ணி வேணுமே! 1980-ல அந்தப் பழைய ரயில் பாதையை மூடிட்டாங்க. மிச்சம் இருக்குறது உங்க சக்கரத்துக்குக் கீழே இருக்கும் இந்த மண்ரோடு.

அந்த ரயிலுக்குப் பேர் ‘கான்’. ‘ஆப்கன்’ங்கறதோட வால். ஒட்டகம் ஓட்ட வந்தவங்களை அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஆனா நிறைய பேர் ஆப்கானிஸ்தான் ஆளுங்களே இல்லை. பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப்னு அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்து கப்பல் ஏறினவங்க. தந்திக் கம்பத்துக்கும் ரயில் பாதைக்கும் சாமான் சுமந்தது இவங்க ஒட்டகங்கள்தான். மர்ரியில மண்ணுச் சுவரும் ஓலைக் கூரையுமா இவங்க கட்டின மசூதியோட மாதிரி இப்பவும் நிக்குது. ஊருக்குள்ள வெள்ளைக்காரங்க ஒரு பக்கம், இவங்களும் பழங்குடி மக்களும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நம்ம ஊர் ‘காலனி’ கணக்கு அங்கேயும் இருந்திருக்கு பாருங்க.

கொஞ்சம் தள்ளிப் போனா ரெண்டு விமானத்தை வாலைத் தரையில ஊன்றி நட்டு வெச்சிருக்கும் சிற்பத் தோட்டம். அப்புறம் காட்டி தண்டா - ஏர் ஏரி. பேர்லதான் ஏரும் ஏரியும், பெரும்பாலான வருஷம் வெறும் உப்பு. கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே! 1964-ல டொனால்ட் கேம்பல் இந்த உப்புத் தரையிலதான் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்துல காரை ஓட்டி உலக சாதனை வெச்சார். அரபானா மக்களுக்கு இது புனிதமான இடம். அதனால வண்டியை ஏரியில இறக்குற ஆசையை மூட்டை கட்டிடுங்க. கவர்ட் ஸ்பிரிங்ஸ்ல ரயில்வே ஸ்லீப்பர் கட்டையால கட்டின ஒரு ஊற்றுத் தொட்டி, பக்கத்துல அந்தக் காலப் பேரீச்ச மரங்கள். ரெண்டு நாள் புழுதிக்கு அப்புறம் அதுல இறங்கும்போது வர்ற சுகம் எந்த ஸ்டார் ஹோட்டல் நீச்சல் குளத்துலயும் வராது, அடிச்சுச் சொல்றேன்.

இப்போ கொஞ்சம் சீரியஸா. 1998 டிசம்பர்ல ஆஸ்திரியாவுல இருந்து வந்த ஒரு இளம் ஜோடி, வாடகை வண்டியில வில்லியம் க்ரீக்ல இருந்து ஏர் ஏரிக் கரைக்குப் போனாங்க. மணல்ல சக்கரம் மாட்டிக்கிச்சு. அந்த இடத்துலயே தண்ணித் தொட்டி இருந்தது. காத்திருந்து பார்த்தாங்க, யாரும் வரலை. ரெண்டு பேரும் நடக்க ஆரம்பிச்சாங்க. முடியாம அவர் வண்டிக்கே திரும்பிட்டார், பிழைச்சார். அந்தப் பொண்ணு தொடர்ந்து நடந்தாங்க. வெயில்ல செத்துப் போயிட்டாங்க. அப்புறம் போன போலீஸ், டயர் காத்தைக் குறைச்சு அந்த வண்டியை மணல்ல இருந்து ஓட்டிட்டு வந்தாங்க. ஆமாம், அதே டயர் காத்து. 1963 டிசம்பர்ல, மர்ரியில ஆரம்பிக்குற இன்னொரு பாதையான பேர்ட்ஸ்வில் ட்ராக்ல, அஞ்சு பேர் இருந்த ஒரு குடும்பமே தாகத்துல போயிடுச்சு. அவங்களும் காரை விட்டுட்டு நடந்தவங்கதான்.

ஊட்னடாட்டாவுல 1960 ஜனவரி 2-ம் தேதி பதிவான வெப்பம் 50.7 டிகிரி செல்சியஸ். டிசம்பர் லீவுல ஊர் சுத்தலாம்னு ப்ளான் போடுறவங்க இந்த நம்பரைப் பார்த்துக்கங்க, அது அவங்களுக்கு உச்சக் கோடை. போறதா இருந்தா மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான். வண்டி நின்னா வண்டியோடவே இருங்க. மேலே இருந்து தேடுறவங்களுக்கு மனுஷன் ஒரு புள்ளி, கேரவன் பெரிய வெள்ளைப் பெட்டி. ஊர்களுக்கு நடுவுல செல்போன் டவரை எதிர்பார்க்காதீங்க. சாட்டிலைட் போனோ, பட்டனை அழுத்தினா இருக்குற இடத்தைச் சொல்ற அவசர பீக்கனோ கையில இருக்கணும். எங்கே போறோம், என்னிக்கு வந்து சேருவோம்னு யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. போய்ச் சேர்ந்ததும் அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. டீசலும் தாராளமா வேணும், கேரவன் இழுக்கும்போது 100 கிலோமீட்டருக்கு 18, 20 லிட்டர் குடிக்கிறது சர்வ சாதாரணம்.

மழை? தூறல் விழுந்தாலே அந்தச் செம்மண் சோப்பு மாதிரி ஆயிடும். மர்ரியிலயும் மார்லாவுலயும் பெரிய போர்டு வெச்சு, எந்த ரோடு திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு எழுதியிருப்பாங்க. மூடின ரோட்டுல போனா பெரிய அபராதம் தீட்டிடுவாங்க. அங்கே ஏதாச்சும் படிக்கப் போய், ஃப்ரெண்ட்ஸோட வாடகைக் கார் எடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பல வாடகை ஒப்பந்தங்கள்ல தார் போடாத ரோட்டுக்கு அனுமதியே இருக்காது. மீறிப் போய் ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிடும். பொடி எழுத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

வில்லியம் க்ரீக் தாண்டினா அல்ஜிபக்கினா பாலம். 1892-ல கட்டின, அரை கிலோமீட்டருக்கும் மேல நீளமான இரும்புப் பாலம், ரயிலே இல்லாம தனியா நிக்கும். பெரும்பாலும் கீழே ஆத்துல தண்ணியும் அங்கங்கே குட்டையாத்தான். ஊட்னடாட்டாவுல சுவர் முழுக்கப் பிங்க் அடிச்ச ஒரு ரோட்ஹவுஸ். டீசல் போடலாம், சாப்பிடலாம், டயர் ஒட்டலாம். அதுக்கப்புறம் இன்னொரு 200 கிலோமீட்டர் ஆட்டம் போட்டா மார்லா. தார் ரோடு வந்ததும் சடார்னு சத்தம் எல்லாம் நின்னுடும். உடனே பறக்காதீங்க. ஓரமா நிறுத்தி, கம்ப்ரஸரை எடுத்து காருக்கு நாலு, கேரவனுக்கு நாலுன்னு எட்டு டயருக்கும் காத்தை ஏத்துங்க. அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒருத்தர் உள்ளே போய் எந்த ஸ்க்ரூ எங்கே விழுந்து கிடக்குதுன்னு பொறுக்கிட்டு வரலாம்.