மண்ணடி நரம்புகள்

தம்போய் வரிசை வீடொன்றின் முற்றத்தில் முருங்கைக் கிளை நடக் குழி தோண்டினார் முதியவர். தோட்டப்புறத்தில் மண்ணுக்கு அஞ்சியறியாத கை அது. முழ ஆழத்தில் மணலும், அதன்மேல் அடுக்கிய செங்கற்களும் தென்படவே, மண்வெட்டி நின்றது. மின்வடம் புதைத்தோர் விட்டுச்சென்ற எச்சரிக்கை அதுவன்றோ! இன்னொரு வெட்டு உயிருக்கே உலையாகியிருக்கலாம்.

குழியை மூடினார். மின்வடம் செல்லும் வழியை அறிந்தோரிடம் கேட்டறிந்தார். நீர்மானியிலிருந்து வீடு நோக்கிக் குழாய் செல்லும் திசையையும் குறித்துக்கொண்டார். இரண்டுக்கும் எட்டத்தில், சிறுகரண்டியால் மண்ணை மெல்ல அகழ்ந்து கிளையை நட்டார்.

2025 ஏப்ரல் 1ஆம் நாள் சிலாங்கூர், புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியது. மண் அமிழ்ந்ததே காரணமென ஆய்வு கூறிற்று. ஆயினும், காலடியில் ஓடுவதை அன்று நாடே எண்ணிப் பார்த்தது.

மண்வெட்டி ஒருநாள் தோண்டும். வேரோ நாள்தோறும் தோண்டும். நடுகிறவன் இரண்டையும் எண்ண வேண்டும்.