ஒரு விரல் இடைவெளி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு லேத் பட்டறையில் இருபது வருடங்களாக வேலை பார்க்கிறார் அவர். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் அந்தப் பொருளைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுவார். ‘பரவாயில்லை, ஓடும்’ என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர், மகளின் காலுக்கு ஸ்கேட்ஸ் வாங்கும்போது மட்டும் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினார்.

காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளர்கிற பிள்ளை! பள்ளிச் சீருடையில் தொடங்கி தீபாவளிப் பாவாடை வரை நம் வீடுகளில் எல்லாவற்றையும் அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்துவிட்டால் இன்னொரு வருடம் ஓடும். ஷூ பெரிதாக இருந்தால் முன்னால் கொஞ்சம் பஞ்சு. அவ்வளவுதான் கணக்கு.

மகளுக்கு அப்போது பதினோரு வயது. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஸ்கேட்டிங் 3000 மீட்டர் ரிலேவில் இந்தியாவின் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளும் வெண்கலம் வென்றன. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் பதக்கத்தோடு நின்ற படத்தை அப்பாவின் செல்போனில் பார்த்தவள், “நானும் போறேன்ப்பா” என்றாள். அடுத்த மாதமே பக்கத்துப் பூங்காவில் இருந்த ரிங்கில் சேர்த்துவிட்டார். ஓவர்டைம் பார்த்த பணத்தில் 2,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்கேட்ஸும் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால், போன இடத்தில் பிள்ளையின் மனசு வேறு பக்கம் போய்விட்டது. அதே ரிங்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இன்லைன் ஹாக்கி ஆடுவார்கள். ஐஸ் ஹாக்கிக்குத் தம்பி மாதிரி ஒரு விளையாட்டு இது. பனிக்குப் பதில் சிமென்ட் தரை அல்லது டைல்ஸ். பக்கத்துக்கு நான்கு பேர், கூட ஒரு கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாகத் தட்டையான ‘பக்’. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், பின்னோக்கியும் ஓட வேண்டும். இரண்டு நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் நாள் உள்ளே இறங்கிவிட்டாள்.

நேராக ஓடும்வரை பிரச்னையில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள், பக்கைத் துரத்திக்கொண்டு போனவள் சட்டென்று திரும்பினாள். சக்கரம் திரும்பியது, ஷூவும் திரும்பியது, உள்ளே இருந்த கால் மட்டும் திரும்பவில்லை. விழுந்தாள். கணுக்கால் பூரிபோல வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரம் ஓய்வு என்றார் டாக்டர்.

அன்றைக்கு ஷூவைக் கழற்றியபோதுதான் அவர் அதைப் பார்த்தார். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். குதிகாலில் நான்காக மடித்து வைத்த பழைய கைக்குட்டை.

“எத்தன நாளா இப்படி வச்சிருக்க?”

“வாங்குன நாள்லருந்துப்பா.”

“ஏம்மா சொல்லல?”

“ஓவர்டைம் பார்த்து வாங்கிக் குடுத்தீங்க... பெருசா இருக்குன்னு எப்படிப்பா சொல்றது?”

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கோபம். “காலை உடைச்சுக்கிட்டு வர்றதுக்குக் காசு வேற கட்டணுமா? போதும்ங்க, படிக்கிற வேலையைப் பார்க்கட்டும்” என்றார். அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. கோச்சிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று ரிங்குக்குப் போனார்.

கோச் அந்தப் பழைய ஸ்கேட்ஸைக் கையில் வாங்கி, கணுக்கால் பகுதியை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அட்டைப்பெட்டிபோல உள்ளே அமுங்கியது. “சார், பாப்பா விழுந்ததுக்கு பாப்பா காரணமில்ல. ஷூவுக்குள்ள கால் தனியா ஓடுது. ஹாக்கி ஷூவுக்கு ரெண்டே விஷயம்தான்... கணுக்கால் பக்கம் விறைப்பா நிக்கணும். குதிகால் நகரவே கூடாது” என்றார்.

லேத் பட்டறைக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. இறுகப் பிடிக்காத ஜாபில் கட்டிங் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? விடுவதற்காகப் போனவர், எங்கே வாங்கலாம் என்று கேட்டுவிட்டு வந்தார்.

சீட்டு எடுத்ததில் கையில் 8,000 ரூபாய் இருந்தது. ஹெல்மெட் ஏற்கெனவே உண்டு. ஸ்டிக்கை ரிங்கில் கொடுப்பார்கள். முழங்காலையும் கீழ்க்காலையும் மூடும் ஷின் கார்டும் கையுறையும் வாங்கியாக வேண்டும். மொத்தத்தையும் ஸ்கேட்ஸிலேயே கொட்டிவிட்டு வெறுங்காலோடு பக்குக்கு முன்னால் பிள்ளையை நிறுத்த முடியுமா? ஸ்கேட்ஸுக்கு ஆறாயிரத்துக்குள், மிச்சம் பாதுகாப்புக்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதலில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனார்கள். அங்கே புதிய ஹாக்கி ஸ்கேட்ஸ் 14,000 ரூபாய். முகம் சுருங்கியதைப் பார்த்த கடைக்காரர், இன்னொரு ஜோடியை எடுத்து வைத்தார். சக்கரத்தில் லைட் எரிந்தது. 5,500 ரூபாய். “ஏபெக் 9 பேரிங் சார். ராக்கெட் மாதிரி போகும்” என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் அளவில் ஏமாந்தவரைப் பேரிங்கில் ஏமாற்ற முடியாது. ஏபெக் என்பது, பேரிங்கின் அளவு எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். உள்ளே இருக்கும் இரும்பு எப்படிப்பட்டது, கிரீஸ் எப்படி, சிமென்ட் தரையின் குலுக்கலை எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் அது சொல்லாது. அதோடு, ஸ்கேட்ஸில் போடுவது 608 என்ற பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, தடிமன் 7. சின்ன மோட்டார்களிலும் இதுதான் இருக்கும். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும் பொருளுக்காகவா ஸ்கேட்ஸ் வாங்குவது?

பஸ்ஸில் வரும்போது மகளுக்கு விளக்கினார். “லேத்துல டூல் தேஞ்சா மாத்திக்கலாம். பெட் கோணலா இருந்தா மெஷினே வீண். இதுல ஷூதான் பெட். ஷூவுக்கு முதல் காசு, அடியில இருக்கிற ஃபிரேமுக்கு அடுத்த காசு. சக்கரமும் பேரிங்கும் எப்ப வேணா மாத்திக்கலாம்.”

சக்கரம் பெரிதாக இருந்தால் வேகம் என்று பலரும் நினைப்பதுண்டு. ரேஸ் ஓடுபவர்களுக்கு அது சரி. அவர்களுடைய ஷூ கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும். 110 மில்லிமீட்டர் அளவிலெல்லாம் சக்கரம் இருக்கும். ஹாக்கியில் சின்ன வட்டத்துக்குள் திரும்ப வேண்டும். அதனால் நான்கு சிறிய சக்கரங்கள். பெரியவர்களுக்கே 80 மில்லிமீட்டரைத் தாண்டாது. சில மாடல்களில் முன்னால் இரண்டும் சிறிதாக, பின்னால் இரண்டும் பெரிதாக இருக்கும். முழங்கால் மடித்து முன்னால் சாய்ந்து நிற்க அது உதவும்.

புதிது கட்டுப்படியாகாது என்றான பிறகு, பழசு தேடினார்கள். கோச் சொன்ன முதல் வீட்டில் 3,000 ரூபாய் சொன்னார்கள். ஷூ பார்க்க நன்றாகவே இருந்தது. மகள் போட்டுப் பார்த்துவிட்டு, “சரியா இருக்குப்பா” என்றாள்.

கோச் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். லேஸ் கட்டாமல், கால்விரல்கள் முன்னால் இடிக்கும்வரை பாதத்தைத் தள்ளி நிற்க வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போகலாம். அதற்கு மேல் போனால் பெரிது. அவர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒன்று போனது. இரண்டாவதும் தாராளமாகப் போனது.

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாப்பில் மகள் தலையைக் குனிந்தபடியே நின்றாள்.

“விலை கம்மியா இருந்துச்சுப்பா. அதான்...”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார். “இங்க பாரும்மா. காசு என் கணக்கு. கால் உன் கணக்கு. என் கணக்கை நான் பார்த்துக்கறேன். உன் கணக்கை மட்டும் நீ சரியா சொல்லிடு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீடு. பத்தே மாதத்தில் பையனுக்குக் கால் வளர்ந்துவிட்டதாம். 5,000 ரூபாய் சொன்னார் அவனுடைய அம்மா. இந்த முறை அவர் சட்டைப் பையில் வெர்னியர் கேலிப்பரும் ஆலன் கீயும் இருந்தன.

கணுக்காலை அழுத்திப் பார்த்தார், அமுங்கவில்லை. ஃபிரேமைத் திருப்பி, வெளிச்சத்தில் விரிசல் தேடினார். ஷூவோடு ஃபிரேமைச் சேர்க்கும் ரிவெட்டுகளை ஆட்டிப் பார்த்தார். ஒவ்வோர் ஆக்ஸில் போல்ட்டையும் கழற்றி, சாவி உட்காரும் இடம் மழுங்கியிருக்கிறதா என்று தடவினார். எல்லாம் சரி. கடைசியாகச் சக்கரம். 76 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அளந்தால் 71, 70, ஒன்று 69. உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. பக்கத்தில் 74ஏ என்றும் அச்சிட்டிருந்தது.

“அக்கா, இது உள்ளரங்க டைல்ஸ் தரைக்கான சக்கரம். மெத்துன்னு இருக்கும். எங்க ரிங்கு சிமென்ட் தரை. உப்புத்தாள்ல ரப்பரைத் தேய்ச்ச மாதிரி கரைஞ்சிடும். 82, 84 மாதிரி கெட்டியான சக்கரம் எட்டும் நான் புதுசா வாங்கணும்” என்றார். ஷூவைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாவும் நியாயமானவர். 4,200 ரூபாய்க்குச் சம்மதித்தார்.

“இருங்க, முதல்ல பாப்பா போட்டுப் பார்க்கட்டும்” என்றார் அவர்.

ஒரே ஒரு விரல்தான் போனது. பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கி லேஸ் கட்டினாள். எழுந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டது. முழங்காலை மடித்தால் பின்னுக்கு வந்தது. இத்தனைக்கும் அது அவளுடைய பள்ளி ஷூவைவிட ஒரு சைஸ் சின்ன எண். ஹாக்கி ஸ்கேட்ஸில் பெரும்பாலும் அப்படித்தான், எண்ணை நம்பக் கூடாது என்று கோச் முன்பே சொல்லியிருந்தார்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? “கொஞ்சம் டைட்டா இருக்கோ? இன்னும் ஒரு சைஸ்...” என்று ஆரம்பித்தவர், மகள் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“உன் கணக்கைச் சொல்லும்மா. வலிக்குதா?”

அவள் இரண்டு நடை நடந்து பார்த்தாள். யோசித்தாள். “வலிக்கலப்பா. புதுசா இருக்கு. குதிகால் நகரவே மாட்டேங்குது.”

எட்டுச் சக்கரத்துக்கு 1,600 ரூபாய். பேரிங்குகளைப் பட்டறையில் மதிய இடைவேளையில் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். ஆக மொத்தம் 5,800. மிச்சம் 2,200-ல் ஷின் கார்டும் கையுறையும் வந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலறினார். “ஏங்க, இதுல பிரேக்கே இல்லையே!”

ஹாக்கி ஸ்கேட்ஸில் பிரேக் இருக்காது. பின்னோக்கி ஓடும்போதும் காலைக் குறுக்கே வைத்துத் திரும்பும்போதும் அது தடுக்கும். உடம்பைத் திருப்பித்தான் நிற்க வேண்டும். மகள் விளக்கிச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. ரிங்குக்கு வந்து, கோச் இரண்டு வாரம் வெறுமனே நிற்பதற்கு மட்டும் பயிற்சி கொடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சமாதானமானார்.

அந்த வருடம் மாவட்ட அணித் தேர்வுக்குப் போனாள். தேர்வாகவில்லை. அழுதாள், மறுநாள் மறுபடி ரிங்குக்குப் போனாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்பாவும் மகளும் உட்கார்ந்து, முதல் சக்கரத்தை மூன்றாவது இடத்துக்கும் இரண்டாவதை நான்காவது இடத்துக்கும் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போடுவார்கள். சக்கரம் அதிக நாள் உழைக்கும். அந்த அரை மணி நேரத்தில்தான் பள்ளிக்கூடக் கதை, தோழிகள் கதை எல்லாம் வெளியே வரும்.

பதினோரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், லேஸைக் கட்டாமலேயே வந்து நின்றாள். “அப்பா, விரல் போகல. முன்னால மடங்குது.”

மறுபடியும் செலவு. ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷம். கைக்குட்டை மடித்து வைக்காமல், பல்லைக் கடித்துக்கொள்ளாமல், வந்து சொல்லிவிட்டாளே!

2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், 1000 மீட்டர் ஸ்பிரின்டில் ஆனந்த்குமார் தங்கம் வென்றார். ரிங்கில் புது முகங்கள் தெரியத் தொடங்கின. மகளின் பழைய ஜோடியை வாங்க ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் புதிது என்று ஒன்று விடாமல் சொன்னார் இவர்.

பையன் போட்டுப் பார்த்தான். அவன் அப்பா தயங்கினார். “வளர்ற புள்ளை... இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லதில்லையா சார்?”

இவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. குனிந்து, அந்தப் பையனின் குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை வைத்துக் காட்டினார்.